ஏசியில் கேஸ் தீர்ந்துபோகாது

மாசி முடிந்து வெயில் ஏறத் தொடங்கியதும் தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டு பக்கமிருந்தும் ஏசி மெக்கானிக்கான எனக்கு வரும் போன்கள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கும். "ஏசி ஓடுதுங்க, ஆனா குளிர மாட்டேங்குது. கேஸ் தீர்ந்துபோச்சு போல, வந்து போட்டுட்டுப் போங்க." போய்ப் பார்த்தால் பல வீடுகளில் கேஸ் இருக்க வேண்டிய அளவு இருக்கும். கோளாறு வேறு இடத்தில் இருக்கும். வீட்டுக்காரரே கேஸ் என்று சொல்லிவிட்டதால், வேறு எதையும் சோதிக்காமல் கேஸை ஏற்றிவிட்டுச் சில ஆயிரங்களை வாங்கிக்கொண்டு போகிறவர்களும் இந்தத் தொழிலில் இருக்கிறார்கள். மக்கள் இப்படிப் பணத்தை விடுவதைப் பார்க்க மனசு கேட்கவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

ஏசிக்குள் இருக்கும் கேஸ் சமையல் சிலிண்டர் கேஸைப் போல எரிந்து தீருவதில்லை. மூடிய செம்புக் குழாய்க்குள் அது சுற்றிச் சுற்றி வருகிறது. அறைக்குள் மாட்டியிருக்கும் இன்டோர் பெட்டியின் காயிலில், அதாவது வளைந்து வளைந்து போகும் குழாயில், ஆவியாகி அறையின் சூட்டை இழுத்துக்கொள்கிறது. வெளியே இருக்கும் அவுட்டோர் பெட்டியில் உள்ள கம்ப்ரசர் அதை அழுத்தி அங்குள்ள காயிலுக்குத் தள்ளுகிறது. அங்கே சூட்டை வெளியே விட்டுத் திரவமாகித் திரும்ப உள்ளே வருகிறது. குழாயில் ஓட்டை இல்லையென்றால் பத்து வருடம் ஆனாலும் அதே கேஸ்தான் சுற்றும். கேஸ் குறைந்திருக்கிறது என்று ஒருவர் சொன்னால் நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி, "அப்படின்னா எங்க லீக் ஆகுது?" என்பதுதான்.

அந்தக் கேள்விக்குப் போகும் முன் வீட்டிலேயே பார்க்கக்கூடியவை சில உண்டு. ரிமோட்டில் கூல் மோடு இருக்கிறதா? குழந்தைகள் கைபட்டு ட்ரை மோடிலோ ஃபேன் மோடிலோ ஓடிக்கொண்டிருக்கும் ஏசிகளை அடிக்கடி பார்க்கிறேன். 16 டிகிரி வைத்தால் சீக்கிரம் குளிரும் என்பதும் சரியல்ல. அறை 34 டிகிரியில் கொதிக்கும்போது 24 வைத்தாலும் 16 வைத்தாலும் கம்ப்ரசர் தன் முழு பலத்தோடுதான் ஓடும். 2020 ஜனவரி முதல் நட்சத்திரக் குறியீடு உள்ள அறை ஏசிகள் 24 டிகிரியை இயல்பு அளவாக வைத்துத்தான் வருகின்றன. அங்கேயே விடுங்கள்.

அடுத்து ஃபில்டர். கோடையில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறையாவது கழற்றிக் குழாய்த் தண்ணீரில் அலசி, நிழலில் உலர்த்தி மாட்ட வேண்டும். ஃபில்டர் சுத்தமாக இருந்தும் காற்று மெதுவாக வருகிறதா? காற்று வரும் வாய் வழியே டார்ச் அடித்து உள்ளே பாருங்கள். உருளையாகச் சுற்றும் புளோயரின் இதழ்களில் கறுப்பாகப் பாசி மாதிரி அப்பியிருந்தால், காற்றைத் தள்ள அதற்கு வழியே இல்லை. அதை ஆள் வைத்துக் கழற்றித்தான் கழுவ வேண்டும்.

இதெல்லாம் சரி என்றால் ஒரு தெர்மாமீட்டர் போதும். ஏசியைக் கால் மணி நேரம் ஓடவிட்டு, இன்டோரின் மேல்பக்கம் உள்ளே போகும் காற்றையும் கீழே வெளிவரும் காற்றையும் அளந்து பாருங்கள். இரண்டுக்கும் 8 முதல் 12 டிகிரி வரை வித்தியாசம் இருந்தால் மெஷின் தன் வேலையைச் செய்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம். இந்தச் சோதனையைச் செய்யாமல் கேஸின் அழுத்தம் பார்க்கும் கேஜை மாட்ட நான் யாரையும் விடமாட்டேன்.

வித்தியாசம் சரியாக இருந்தும் அறை குளிரவில்லையென்றால் சூடு வேறு எங்கிருந்தோ வருகிறது. காவேரிப்பட்டணத்தில் ஒரு வீடு. மேல்தளத்தில் சின்ன அறை, 1 டன் ஏசி. போன கோடையில் வேறு யாரோ வந்து இரண்டு முறை கேஸ் போட்டுவிட்டுப் போயிருந்தார்கள். நான் போனது இரவு எட்டரை மணிக்கு. ஏசியிலிருந்து வந்த காற்று நல்ல குளிர்ச்சி. அந்த வீட்டு அண்ணனை ஒரு நாற்காலி கொண்டுவரச் சொல்லி, மேலே ஏறி கூரையைத் தொடச் சொன்னேன். தொட்டவர் கையை உடனே எடுத்துவிட்டார். பகல் முழுவதும் வெயில் குடித்த கான்கிரீட், இரவு பத்து, பதினொன்று மணி வரை சூட்டை அறைக்குள் இறக்கிக்கொண்டே இருக்கும். 1 டன் ஏசி மணிக்கு வெளியேற்றக்கூடிய சூடு 12,000 பிடியூ, அதாவது ஏறத்தாழ மூன்றரை கிலோவாட். கூரையும் மேற்குச் சுவரும் சேர்ந்து அதற்கு மேல் கொடுத்தால் எத்தனை முறை கேஸ் போட்டாலும் பயனில்லை. அவர் மொட்டை மாடிக்கு வெள்ளைக் கூலிங் பெயின்ட் அடித்து, மேற்கு சன்னலுக்கு வெளியே தட்டி கட்டினார். அதே ஏசி இப்போது அந்த அறைக்குப் போதுமானதாக இருக்கிறது. புதிதாக ஏசி வாங்குகிறவர்களுக்கும் சேர்த்துச் சொல்கிறேன்: மேலே மாடி இல்லாத அறை என்றால் கடைக்காரரிடம் அதை முதலில் சொல்லுங்கள்.

காற்று குளிராகவே வரவில்லையென்றால் அவுட்டோரைப் பார்க்க வேண்டும். நம் பகுதியில் எனக்கு அதிகம் வேலை வைப்பது இதுதான். கிருஷ்ணகிரியைச் சுற்றி கிரானைட் அறுக்கிற, பாலிஷ் போடுகிற பட்டறைகள் நிறைய. 44-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையை ஒட்டிய வீடுகளுக்கு லாரிப் புழுதி. அவுட்டோர் காயிலின் மெல்லிய அலுமினியத் தகடுகளுக்கு நடுவே கல்மாவு படிந்து, ஒரு மழையில் நனைந்து, காய்ந்து இறுகிவிடும். மேலோட்டமாகப் பார்த்தால் சுத்தமாகத் தெரியும். பின்பக்கம் உள்ளங்கையை வைத்தால் காற்று இழுப்பதே தெரியாது. உள்ளே வாங்கிய சூட்டை வெளியே விட முடியாத மெஷின் அறையை எப்படிக் குளிர்விக்கும்? கம்ப்ரசர் சூடாகி, தன்னைக் காப்பாற்றிக்கொள்ள நின்றுவிடும். கொஞ்சம் ஆறியதும் மறுபடி ஓடும். மத்தியானம் குளிராது, விடியற்காலையில் நன்றாகக் குளிரும் என்று சொல்கிறவர்கள் வீட்டில் முதலில் இதைத்தான் சந்தேகப்படுவேன்.

கழுவும்போது மெயினை அணைத்துவிட்டு, தண்ணீரை மிதமான வேகத்தில் விடுங்கள். வண்டி கழுவும் பிரஷரில் அடித்தால் தகடுகள் மடங்கி, இருந்த வழியும் அடைபடும். இன்னொன்று, நம் ஊர் போர் தண்ணீர். சித்திரை வெயிலில் குளிர்ச்சி கூடும் என்று அவுட்டோர் மேல் போர் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விடும் வழக்கம் சில வீடுகளில் இருக்கிறது. அன்றைக்குக் குளிர்ச்சி கூடுவது உண்மைதான். ஆனால் நம் உப்புத் தண்ணீர் காய்ந்து காயிலில் வெள்ளையாகப் படியும். வாளியின் உள்சுவரிலும் குளியலறைக் குழாயிலும் படிகிற அதே காரை. இரண்டு கோடை போனால் சுரண்டினாலும் வராது. கழுவுவதற்குக் குழாயில் வரும் ஒகேனக்கல் தண்ணீரில் இரண்டு வாளி எடுத்துக்கொண்டாலே போதும்.

அவுட்டோரைப் பலகை அடித்து மூடுவது, குறுகிய சந்தில் இரண்டு அவுட்டோரை எதிரெதிரே வைப்பது, முன்னால் துணி காயப்போடுவது இவையும் அதே கேட்டைத்தான் செய்யும். வெளியேறும் சூடான காற்று மறுபடி உள்ளேயே போகும்.

அப்புறம் மின்சாரம். மாலை ஆறு மணிக்கு மேல் ஊர் முழுவதும் ஏசியும் மோட்டாரும் ஓடும்போது கடைசிக் கம்பத்து வீடுகளில் வோல்டேஜ் விழும். 230 இருக்க வேண்டிய இடத்தில் 180-க்குக் கீழே போனால் பழைய வகை கம்ப்ரசர் கிளம்பவே தடுமாறும். அவுட்டோர் பக்கம் நின்று கேளுங்கள். ஃபேன் சுற்றுகிறது, கம்ப்ரசர் "ம்ம்ம்" என்று சில நொடி முனகிவிட்டு "டக்" என்று நின்றுவிடுகிறது, சில நிமிடம் கழித்து மறுபடி அதே சத்தம். இது கேஸ் கோளாறு இல்லை. ஒன்று வோல்டேஜ், அல்லது கம்ப்ரசரைக் கிளப்பிவிடும் கெபாசிட்டர். கெபாசிட்டர் சில நூறு ரூபாய்ப் பொருள், மாற்ற அரை மணி நேரம்கூட ஆகாது. ஆனால் நீங்களே கை வைக்காதீர்கள். மெயினை அணைத்த பிறகும் அதில் மின்சாரம் தேங்கி நிற்கும். தெருவுக்கே லோ வோல்டேஜ் என்றால் ஸ்டெபிலைசர் மாற்றுவதோடு நிறுத்தாமல், மின்வாரியத்தின் மின்னகம் எண் 94987 94987-ல் புகார் பதிந்துவிடுங்கள்.

இவ்வளவும் பார்த்த பிறகுதான் கேஸ். குறைந்திருந்தால் அதற்கென்று அடையாளம் இருக்கிறது. அவுட்டோரில் இரண்டு செம்புக் குழாய்கள் வந்து சேரும் இடத்தைப் பாருங்கள். பொதுவாக நம் வீடுகளில் உள்ள ஸ்பிளிட் ஏசியில் நன்றாக ஓடும்போது தடித்த குழாய் சில்லென்று வியர்த்திருக்கும். கேஸ் குறைந்தால் மெல்லிய குழாயின் நட்டில் வெள்ளையாக உறைபனி பிடிக்கும், தடித்த குழாய் குளிராது. இன்டோர் காயிலிலும் ஒரு பகுதி மட்டும் உறைந்து மற்ற பகுதி காய்ந்து கிடக்கும். காயில் முழுவதும் பனி மூடி, தடித்த குழாய் வரை உறைந்திருந்தால் முதலில் ஃபில்டரையும் புளோயரையும் பாருங்கள், அது பெரும்பாலும் காற்றோட்டக் குறைவு.

பென்னாகரம் சாலையில் ஒரு அம்மா, வருடா வருடம் கோடை தொடங்கும்போது கேஸ் போடுவதையே வழக்கமாக வைத்திருந்தார். "எல்லாருக்கும் அப்படித்தானே தம்பி?" என்று கேட்டார். அவுட்டோரில் குழாயை இணைக்கும் ஃபிளேர் நட்டைச் சுற்றி எண்ணெய்ப் பிசுக்கும் அதில் ஒட்டிய மண்ணும் இருந்தன. கேஸோடு கம்ப்ரசர் எண்ணெயும் சேர்ந்து கசிந்தால் அங்கே புழுதி ஒட்டிக்கொள்ளும். சோப்பு நுரை தடவியதும் சிறு குமிழ்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. குழாயின் விரிந்த முனையில் மயிரிழை வெடிப்பு. முனையை வெட்டி, புதிதாக விரித்து, இறுக்கினோம். அத்தனை வருடமும் அவர் கேஸுக்குக் கொடுத்த பணம் இந்தச் சின்ன வெடிப்பு வழியாகத்தான் போயிருக்கிறது.

எல்லா லீக்கும் இவ்வளவு சுலபமாக அகப்படாது. இன்டோர் காயிலில் ஊசிமுனை ஓட்டை விழுந்திருந்தால் நைட்ரஜன் ஏற்றி, அழுத்தம் இறங்குகிறதா என்று நேரமெடுத்துப் பார்க்க வேண்டும். இதற்கு ஆக்சிஜன் சிலிண்டரை யாராவது கொண்டுவந்தால் உடனே தடுத்துவிடுங்கள். ஆக்சிஜன் கம்ப்ரசர் எண்ணெயோடு சேர்ந்தால் வெடிக்கும்.

லீக்கை அடைத்த பிறகு வேக்கம் பம்ப் போட்டு உள்ளே இருக்கும் காற்றையும் ஈரத்தையும் எடுக்க வேண்டும். அப்புறம் தராசு வைத்து எடை பார்த்து கேஸ் ஏற்ற வேண்டும். எந்த கேஸ், எத்தனை கிராம் என்பது அவுட்டோரில் ஒட்டியிருக்கும் தகட்டிலேயே இருக்கும். இன்வெர்ட்டர் ஏசியில் கம்ப்ரசரின் வேகம் மாறிக்கொண்டே இருப்பதால் கேஜ் முள்ளை மட்டும் நம்பி அளவு சொல்ல முடியாது. வேக்கம் பம்பும் தராசும் இல்லாமல் வருகிறவரிடம் கேஸ் வேலையைக் கொடுக்க வேண்டாம் என்பேன். வாங்கி ஒரு வருடத்துக்குள் கேஸ் குறைந்தால் வெளியாட்களைக் கூப்பிடும் முன் வாரண்டி அட்டையை எடுத்துப் பாருங்கள். பொருத்தியபோதே இணைப்பு சரியாக இல்லாமல் இருந்திருக்கலாம்.

இப்போது வரும் ஏசிகளில் பெரும்பாலும் ஆர்32 கேஸ். பழைய ஆர்22 போல அல்ல, இது தீப்பற்றக்கூடியது. கேஸ் வேலை நடக்கும்போது கதவு, சன்னல் திறந்திருக்க வேண்டும். அந்த அறையிலோ பக்கத்திலோ சாமி விளக்கு, ஊதுபத்தி, அடுப்பு எதுவும் எரியக் கூடாது. குழாயில் வெல்டிங் வைப்பதாக இருந்தால் உள்ளே இருக்கும் கேஸை முழுவதும் எடுத்து, நைட்ரஜன் ஓட்டிய பிறகே பற்றவைக்க வேண்டும். மெக்கானிக் அவசரப்பட்டாலும் நீங்கள் பக்கத்தில் நின்று இதைக் கேளுங்கள்.