கிள்ளக் கிள்ளத் துளிர்க்கும் கீரை

கோலாலம்பூரில் முளைக்கீரை விதைத்துப் பழகியவர்களுக்கு ஒரு சலிப்பு நன்கு தெரிந்திருக்கும். ஏறத்தாழ நான்கு வாரங்களில் வேரோடு பிடுங்கிச் சமைத்ததும் பாத்தி வெறுமையாகிவிடும். மறுபடி விதைக்கும் வாரம் பார்த்துப் பிற்பகல் இடிமழை கொட்டினால், இரண்டிலை விட்ட நாற்றுகள் சேற்றில் சாய்ந்து அழுகிப்போகும். அதே வீட்டுப் பின்சுவரோரம் நிற்கும் சாயூர் மானிஸ் செடியோ, ஆண்டுக்கணக்கில் கிள்ளக் கிள்ளத் துளிர்த்துக்கொண்டிருக்கும். தமிழ்நாட்டில் தவசிக்கீரை எனப்படுவது இதுதான். இங்கே பான் மீ என்னும் நூடுல்ஸ் கிண்ணத்தில் மிதக்கும் பச்சை இலையும் பெரும்பாலும் இதுவே.

இத்தனைக்கும் வெயிலைத் தாங்குவதில் முளைக்கீரைதான் கெட்டி. தவசிக்கீரையில் கரியமில வாயுவைப் பிடிக்கும் ரூபிஸ்கோ என்னும் நொதி, வெப்பம் ஏற ஏறத் தடுமாறி, ஆக்ஸிஜனையும் சேர்த்துப் பிடித்துவிடுகிறது. அதனால் செடி சேர்த்த சர்க்கரையில் ஒரு பங்கு வீணாகிறது. முளைக்கீரையோ கரியமில வாயுவை முன்கூட்டியே செறிவாக்கி அந்நொதிக்கு ஊட்டுவதால் இந்த இழப்பு அதற்கு மிகக் குறைவு. ஆகவே தவசிக்கீரையின் பலம் இலையில் இல்லை, கணுவில் இருக்கிறது.

ஒரு கிளையை அருகில் வைத்துப் பார்த்தால், ஒவ்வொரு இலைக்காம்பின் இடுக்கிலும் குண்டூசித் தலையைவிடச் சிறிய மொட்டு ஒன்று ஒட்டியிருக்கும். கிளை நுனியில் உருவாகும் ஆக்ஸின் என்னும் வளரூக்கி கீழ்நோக்கி இறங்கி, இந்த மொட்டுகளை உறங்க வைக்கிறது. நுனித் துளிரும் சர்க்கரையின் பெரும்பங்கைத் தானே இழுத்துக்கொள்கிறது. நுனியைக் கிள்ளியதும் இரண்டு தடைகளும் நீங்குகின்றன. ஆக்ஸின் குறைவதற்கு முன்பே மொட்டுக்குச் சர்க்கரை போய்ச் சேர்ந்து அதை எழுப்பிவிடுகிறது என்று, பட்டாணிச் செடியில் நடத்தி 2014இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. ஒரு நுனி போன இடத்தில் இரண்டு மூன்று பக்கக்கிளைகள் கிளம்புவது இப்படித்தான். எனவே கணுவுக்குச் சற்று மேலே வெட்டுவதே முறை; இலைகளை மட்டும் உருவிவிட்டு நுனியை விட்டுவைத்தால் செடி ஒற்றைக் குச்சியாக நெட்டையாகும். மொட்டையாக வழிப்பதும் கூடாது. தண்டிலும் வேரிலும் சேமித்த மாவுச்சத்து ஓரளவுக்குத்தான் ஈடுகொடுக்கும்.

மழை வேறொரு கணக்கு. இங்குள்ள கனமழை, இலை வளர்ச்சிக்கான நைட்ரஜனைத் தரும் மண்ணின் நைட்ரேட்டைக் கரைத்துக் கீழே இறக்கிவிடுகிறது. இலையாகவே அறுவடை செய்யும் பயிருக்கு அது பெரிய இழப்பு. உரத்தைச் சிறுகச் சிறுக இடுவதும், வேரடியைச் சருகால் மூடுவதும் உதவும். வேர்முடிச்சு நுண்ணுயிர்களின் துணையால் காற்றின் நைட்ரஜனையே பயன்படுத்தும் அகத்திக்கு இந்தக் கவலை குறைவு.

தவசிக்கீரையைச் சமைத்தே உண்ண வேண்டும். 1990களின் நடுப்பகுதியில் தைவானில், உடல் மெலிவதற்காக இதைப் பச்சைச் சாறாக்கி நாள்தோறும் குடித்த பலருக்கு நுரையீரலின் நுண்குழாய்கள் மீளாத அளவுக்குச் சேதமடைந்தன. சிலர் இறந்தும் போனார்கள்.

வெட்டியதில் முற்றிய தண்டை எறிந்துவிட வேண்டாம். ஒரு சாண் நீளத் துண்டை ஈரமண்ணில் ஊன்றினால், முன்பு மொட்டை உறங்க வைத்த அதே ஆக்ஸின் அடிமுனையில் தேங்கி வேர்விடச் செய்யும். ஆனால் குச்சி தன் அடியை மறப்பதில்லை. தலைகீழாக நட்டாலும் ஆக்ஸின் பழைய அடிமுனைக்கே செல்லும். அது மண்ணுக்கு வெளியே இருந்தால் குச்சி காய்ந்துபோகும்.