ஆறு ஆம்பியரில் ஏன் நின்றுவிடுகிறது?

கனடாவிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். ஒன்டாரியோவில் சிம்கோ ஏரிக்குப் பக்கத்தில் குடியிருக்கிறார். வார இறுதிகளில் குடும்பத்தோடு மீன்பிடிக்கப் போக பதினாறு அடி அலுமினியப் படகு ஒன்று வைத்திருக்கிறார். அதன் பின்னால் பழைய 25 குதிரைத்திறன் அவுட்போர்டு இன்ஜின். கையேட்டில் பேட்டரி சார்ஜிங் 6 ஆம்பியர் என்று போட்டிருக்கிறது. இப்போது மீன் காட்டும் கருவி, இரைமீன் தொட்டிக்கு ஒரு பம்ப், சின்ன ஃபிரிட்ஜ், பாட்டுக்கு ஸ்டீரியோ எல்லாம் சேர்க்க ஆசை. "காந்தம் வேகமாகச் சுற்றினால் அதிக மின்சாரம் வரும் என்றுதானே பள்ளியில் படித்தோம்? இன்ஜினை இன்னும் கொஞ்சம் முறுக்கினால் போதாதா?" என்பது அவர் கேள்வி.

போதாது. ஏன் போதாது என்பதில்தான் இயற்பியலின் மிக அழகான ஒரு விஷயம் இருக்கிறது. அதற்கு முன்னால் வரவு செலவுக் கணக்கை முடித்துவிடுவோம்.

மீன் காட்டும் கருவி ஒன்றரை ஆம்பியர், எல்.இ.டி. விளக்குகள் அரை ஆம்பியர், ஸ்டீரியோ 2, பம்ப் 3, ஃபிரிட்ஜ் ஓடும்போது 4 என்று வைத்துக்கொள்ளலாம். ஃபிரிட்ஜ் பாதி நேரம்தான் ஓடும், ஆகவே சராசரி 2. மொத்தம் 9 ஆம்பியர். ஆறு மணி நேரம் ஏரியில் இருந்தால் செலவு 54 ஆம்பியர்-மணி. அதில் ஒரு மணி நேரம் வேகமாக ஓட்டினால் வரவு 6. மிச்ச ஐந்து மணி நேரமும் தூண்டிலை இழுத்துக்கொண்டு மெதுவாகப் போகிறார். அப்போது ஒன்று, ஒன்றரை ஆம்பியர் வந்தாலே அதிகம். எல்லாம் சேர்த்து 14 ஆம்பியர்-மணிகூடத் தேறாது. மீதி 40 பேட்டரியிலிருந்து போகிறது. 80 ஆம்பியர்-மணி ஈய அமில பேட்டரியைப் பாதிக்கு மேல் காலி செய்தால் அதன் ஆயுள் வேகமாகக் குறையும். இந்தக் கணக்கில் முதல் நாளே அந்தப் பாதி தீர்ந்துவிடுகிறது.

இனி இன்ஜினைத் திறப்போம். அவுட்போர்டின் மூடியைக் கழற்றினால் உச்சியில் ஒரு கனத்த சக்கரம் தெரியும். அதுதான் ஃப்ளைவீல். அதன் உள்விளிம்பில் வட, தென் துருவங்கள் மாறி மாறி வரும்படி காந்தங்கள் ஒட்டப்பட்டிருக்கும். சக்கரத்துக்கு அடியில், சுழலாமல், இரும்புப் பற்களில் செம்புக் கம்பி சுற்றிய சுருள்கள் நட்சத்திரம்போல விரிந்திருக்கும். இது ஸ்டேட்டர். காந்தம் கடக்கும்போது சுருளுக்குள் காந்தப்பாயம் மாறுகிறது, மின்னோட்டத்தைத் தள்ளும் மின்னியக்கு விசை பிறக்கிறது. 1831இல் ஃபாரடே கண்டது இதைத்தான். வருவது மாறுதிசை மின்னோட்டம். டையோடுகள் அதை நேர்திசையாக்கி பேட்டரிக்கு அனுப்புகின்றன. இவ்வளவும் பிளஸ் டூ பாடம்.

பாடப்புத்தகத்தின்படி வேகம் இரட்டித்தால் மின்னியக்கு விசையும் இரட்டிக்கும். இதில் தவறே இல்லை. ஆனால் சுருள் வெறும் கம்பி அல்ல, இரும்பில் சுற்றிய கம்பி. அதில் மின்னோட்டம் ஓடினால் அதுவே ஒரு காந்தப்புலத்தை உண்டாக்கும். அந்தப் புலம் மாறும்போது சுருள் தன்னையே எதிர்க்கும். இது தன் மின்தூண்டல். மின்னோட்டம் எவ்வளவு வேகமாகத் திசை மாறுகிறதோ அவ்வளவு எதிர்ப்பு. இந்த எதிர்ப்புக்குப் பெயர் மின்மறுப்பு, அது அதிர்வெண்ணுக்கு நேர்விகிதத்தில் கூடும். அதிர்வெண் எதனால் கூடுகிறது? இன்ஜின் வேகத்தால்! தள்ளும் விசையும் தடுக்கும் மறுப்பும் ஒரே அச்சில் மாட்டிய காந்தத்திலிருந்து வருகின்றன. ஒன்று கூடினால் மற்றதும் அதே அளவு கூடும். ஒன்றை மற்றதால் வகுத்தால் வேகம் அடிபட்டுப் போய்விடுகிறது.

எண்களில் பார்த்தால் இன்னும் தெளிவாகும். பன்னிரண்டு துருவமுள்ள ஃப்ளைவீல் நிமிடத்துக்கு 1000 சுற்றில் ஓடினால் 100 ஹெர்ட்ஸ் வரும். அந்த வேகத்தில் 14 வோல்ட் தரும் சுருள் ஒன்றைக் கணக்குக்காக எடுத்துக்கொள்வோம். அதன் மின்மறுப்பு அங்கே 2.3 ஓம். பேட்டரிக்குள் மின்சாரம் தள்ளவே ஏறக்குறைய 14 வோல்ட் வேண்டும் என்பதால் 1000 சுற்றில் வரவு பூஜ்யம். 2000 சுற்றில் தோராயமாக 5.2 ஆம்பியர். 3000இல் 5.7. இன்ஜினை 5500 வரை முறுக்கினால்? 5.9. சுருளில் பிறக்கும் மின்னியக்கு விசை இப்போது 77 வோல்ட், ஆனால் மறுப்பும் 13 ஓமுக்கு ஏறியிருக்கிறது. வாசகருடைய கையேட்டில் உள்ள 6 ஆம்பியர் இப்படி வந்ததுதான். இன்ஜின் பலவீனமும் இல்லை, கம்பெனி கருமித்தனமும் இல்லை. சுருள் தானே தனக்குப் போட்டுக்கொண்ட எல்லை அது.

இதிலிருந்து இன்னொரு ஆச்சரியம் கிளம்புகிறது. பேட்டரி நிறைந்த பிறகு மின்சாரத்தை என்ன செய்வது? சார்ஜிங்கைக் கட்டுப்படுத்தும் கருவிக்கு ரெகுலேட்டர் என்று பெயர். பெரும்பாலான அவுட்போர்டு ரெகுலேட்டர்கள் செய்வது கேட்கவே பயமாக இருக்கும். சுருளின் இரு முனைகளையும் ஒன்றோடொன்று இணைத்துவிடுகின்றன. அதாவது ஷார்ட் சர்க்யூட்! வீட்டில் இதைச் செய்தால் ஃபியூஸ் போகும். இங்கே ஒன்றும் ஆகாது, ஏனென்றால் ஷார்ட் செய்தாலும் அதே 6 ஆம்பியர்தான் ஓடும். சுருளின் மின்தடை அரை ஓம் என்றால் அதில் வீணாவது 18 வாட் சூடு. பேட்டரிக்குக் கொடுத்துக்கொண்டிருந்தபோது போனதோ 80 வாட்டுக்கு மேல். ஆக, ஷார்ட் செய்ததும் இன்ஜினின் சுமை *குறைகிறது*. அந்த நிலையில் மின்னோட்டம் மின்னியக்கு விசைக்குக் கால் அலை பின்தங்கி வருகிறது. சுருள் காந்தத்தை ஒரு கணம் பின்னுக்கு இழுக்கிறது, அடுத்த கணம் முன்னுக்குத் தள்ளுகிறது. கூட்டிக் கழித்தால் கம்பியின் சூடு மட்டுமே செலவு. மின்தூண்டல் பாடத்தை இந்த உதாரணத்தோடு தொடங்கினால் எத்தனை மாணவர்களுக்கு அது பிடித்துப் போகும் என்று அடிக்கடி நினைப்பேன்.

இதற்கு நேர் எதிர், இன்ஜின் ஓடும்போது பேட்டரி கம்பியைக் கழற்றுவது. அப்போது மின்னோட்டத்துக்குப் போக்கிடம் இல்லை. சுருளில் பிறக்கும் அத்தனை வோல்ட்டும் முனைகளில் வந்து நிற்கும். ரெகுலேட்டரும் மீன் காட்டும் கருவியும் கருகுவது இப்படித்தான். அதைச் செய்யவே கூடாது.

சரி, எல்லையை உயர்த்த வழி? சுருளில் கம்பியை அதிகச் சுற்றுகள் சுற்றினால் அதிக ஆம்பியர் என்று தோன்றும். நடப்பது தலைகீழ். சுற்றுகளை இரட்டித்தால் மின்னியக்கு விசை இரண்டு மடங்கு, தன் மின்தூண்டலோ நான்கு மடங்கு. உச்ச மின்னோட்டம் பாதியாகிவிடும். ஆகவே சுற்றுகளைக் *குறைக்க* வேண்டும், கம்பியைத் தடிமனாக்க வேண்டும். மேலே சொன்ன சுருளின் கம்பிச் சுற்றுகளைப் பாதியாக்கினால் இன்ஜின் 5500 சுற்றில் ஓடும்போது 11 ஆம்பியர் வரும். பிரமாதம். ஆனால் இன்ஜின் வேகம் 2000 சுற்றை எட்டும் வரை எதுவுமே வராது. நாள் முழுக்க மெதுவாகப் போய் மீன் பிடிப்பவருக்கு இதனால் என்ன பயன்? விளம்பரத்தில் போடும் ஆம்பியர் எண் எப்போதும் முழு வேகத்துக்கானது. மாற்று ஸ்டேட்டர் வாங்குபவர் கேட்க வேண்டியது, "1000 சுற்றில் எவ்வளவு, 1500இல் எவ்வளவு?" என்பதைத்தான். பல நிறுவனங்கள் இதை வரைபடமாகவே தருகின்றன.

இரண்டாவது வழி, காலியாக இருக்கும் பற்களிலும் சுருள் சுற்றி எல்லாவற்றையும் பக்க இணைப்பில் சேர்ப்பது. பழைய இன்ஜின்கள் பலவற்றில் ஸ்டேட்டரின் ஒரு பகுதி தீப்பொறிக்கும் இன்னொரு பகுதி சார்ஜிங்குக்கும் ஒதுக்கியிருப்பார்கள், ஆகவே இடம் இருக்கிறதா என்பது மாடலைப் பொறுத்தது. மூன்றாவது வழிதான் இரண்டு முனையிலும் லாபம் தருவது: வலுவான காந்தம். சுருளைத் தொடாமல் காந்தத்தை மட்டும் வலுவாக்கினால் மின்தூண்டல் பெரிதாக மாறாது, மின்னியக்கு விசை மட்டும் கூடும். உச்சமும் உயரும், குறைந்த வேகத்திலேயே சார்ஜிங்கும் தொடங்கும். இரும்புப் பற்கள் காந்தத் தெவிட்டு நிலையை, அதாவது அதற்கு மேல் காந்தம் ஏறாத நிலையை, அடையும் வரை இது செல்லும்.

மலிவான ஃபெரைட் காந்தத்தை விட நியோடிமியம் காந்தத்தின் புலம் ஏறக்குறைய மூன்று மடங்கு. 1980களின் தொடக்கத்தில் ஜப்பானில் மசாடோ சகாவாவும் அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸ் ஆய்வாளர்களும் தனித்தனியாக இதைக் கண்டடைந்தார்கள். அந்த நியோடிமியம் எங்கே கிடைக்கும் என்று பார்த்தால் நம் வீட்டு வாசலுக்கே வந்துவிடுகிறோம். கன்னியாகுமரி மாவட்டம் மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் நியோடிமியம் அடங்கிய மோனசைட் என்ற தாது இருக்கிறது. திருவிதாங்கூரிலிருந்து ஏற்றுமதியான கயிற்றில் ஒட்டியிருந்த மணலைப் பார்த்து 1909இல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மானிய வேதியியலாளர் அதைக் கண்டுகொண்டார். நூறு ஆண்டுக்கு மேல் ஆகியும் நியோடிமியம் காந்தங்களுக்கு நாம் பெரும்பாலும் சீனாவைத்தான் நம்பியிருக்கிறோம். மோனசைட்டில் கதிரியக்கம் கொண்ட தோரியமும் உண்டு, கதிர்வீச்சு பற்றிய கடலோர மக்களின் அச்சம் நியாயமானது. அதனால்தான் அவர்கள் உடல்நலத்தைக் கண்காணிக்கும் ஆய்வுக்கும், தாதுவைப் பாதுகாப்பாகப் பிரித்துக் காந்தமாக்கும் ஆய்வுக்கும் சேர்த்தே பணம் ஒதுக்க வேண்டும் என்கிறேன். மணலை அள்ளுவதற்கு மட்டும் திட்டம் போடுவது எனக்கு ஏற்புடையதல்ல.

வாசகரின் படகுக்குத் திரும்புவோம். காந்தத்தை நீங்களாக ஒட்டிப் பார்க்காதீர்கள். நிமிடத்துக்கு 5000 சுற்றுக்கு மேல் ஓடும் சக்கரத்திலிருந்து ஒரு காந்தம் பிய்ந்தால் அது குண்டுதான். அந்த மாடலுக்கென்றே வரும் ஸ்டேட்டரையும் அதற்குப் பொருந்தும் ரெகுலேட்டரையும் சேர்த்து மாற்ற வேண்டும். பழைய ரெகுலேட்டரில் புதிய ஸ்டேட்டரின் மின்னோட்டத்தை விட்டால் சூட்டில் செத்துவிடும். இன்ஜினுக்குச் சுமை ஏறுமோ என்ற கவலை வேண்டாம். 15 ஆம்பியர் என்றால் 210 வாட், இழப்பையும் சேர்த்தால்கூட அரைக் குதிரைத்திறன்தான்.

கம்பியில் கஞ்சத்தனம் கூடாது. 2.5 சதுர மில்லிமீட்டர் கம்பியில் ஐந்து மீட்டர் தூரம் 10 ஆம்பியர் போய்த் திரும்பினால் 0.7 வோல்ட் வழியிலேயே போய்விடும். 14.4 வோல்ட் அனுப்பினால் பேட்டரிக்குச் சேர்வது 13.7. இதனால் பேட்டரி முழுதாக நிறையாமலே சல்பேட் படிந்து வீணாகும். வெள்ளீயம் பூசிய செம்புக் கம்பி, ஒவ்வொரு கருவிக்கும் ஃபியூஸ், பேட்டரியிலிருந்து கிளம்பும் கம்பிக்குப் பேட்டரிக்குப் பக்கத்திலேயே ஒரு ஃபியூஸ். அமெரிக்கப் படகு மற்றும் யாக்ட் கவுன்சிலின் தரநெறி இதற்கு 7 அங்குல எல்லை சொல்கிறது. இன்ஜினை ஸ்டார்ட் செய்ய ஒரு பேட்டரி, கருவிகளுக்குத் தனியாக இன்னொன்று. நடுவில் மின்னழுத்தத்தைப் பார்த்து இணைத்துப் பிரிக்கும் ரிலே வைத்தால் ஸ்டீரியோ எவ்வளவு பாடினாலும் வீடு திரும்ப இன்ஜின் கிளம்பும்.

என் கருத்து கேட்டால், ஸ்டேட்டருக்குப் பணம் செலவழிக்கும் முன் ஃபிரிட்ஜுக்குப் பதில் நல்ல ஐஸ் பெட்டி வைக்கலாம். அப்புறம் 100 வாட் சோலார் தகடு ஒன்று. நல்ல வெயிலில் 5 ஆம்பியர் தரும், அதுவும் இன்ஜின் மெதுவாக ஓடும், நங்கூரம் போட்டு நிற்கும் நேரங்களில்.

எதையும் வாங்கும் முன் ஒரு மல்டிமீட்டரை எடுத்துப் பேட்டரி முனைகளில் வையுங்கள். படகு தண்ணீரில் இருக்கும்போது, இப்போது உள்ள கருவிகளையெல்லாம் போட்டுவிட்டு, இன்ஜின் வேகத்தை மெல்ல ஏற்றுங்கள். மின்னழுத்தம் இறங்குவது நின்று ஏறத் தொடங்கும் சுற்று எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். 3000 சுற்றில்கூட அது ஏறவில்லை என்றால் முதலில் முனைகளின் அழுக்கையும் ரெகுலேட்டரையும் பாருங்கள். பழுதை மேம்பாட்டால் மூட முடியாது. ஏறுகிறது என்றால், அந்த எண்ணுக்குக் கீழே நீங்கள் ஓட்டும் நேரமெல்லாம் பேட்டரியிலிருந்துதான் செலவாகிறது. புதிய ஸ்டேட்டரின் வரைபடத்தில் அந்த இடத்தில் என்ன போட்டிருக்கிறது என்று பார்த்து முடிவெடுங்கள்.