‘00’ என்பது எந்த ஆண்டு?

ஐபிஎம் நிறுவனம் 1928-இல் கொண்டுவந்த துளை அட்டையில், அதாவது தகவல்களைத் துளைகளாகப் பதியும் அட்டையில், 80 எழுத்துகளுக்குத்தான் இடம் உண்டு. ஓர் ஊழியரின் பெயர், எண், ஊதியம், பிறந்த தேதி, பணியில் சேர்ந்த தேதி அனைத்தையும் அதற்குள் அடக்கியாக வேண்டும். ஆண்டுக்கு நான்கு இலக்கம் என்றால் ஒவ்வொரு தேதியும் 8 இடங்களை விழுங்கிவிடும்; எல்லோருக்கும் பொதுவான ‘19’-ஐ விட்டுவிட்டால் 6 இடங்களில் வேலை முடிந்துவிடும். அட்டைகள் போய்க் காந்த நாடாவும் வட்டும் வந்த பின்னும் இந்தப் பதிவமைப்பு அப்படியே தொடர்ந்தது. 1959-இல் அறிமுகமான ஐபிஎம் 1401 கணினியின் மிகச் சிறிய வடிவத்தில் நினைவகமே 1,400 எழுத்துகள்தான் என்பதை எண்ணிப் பார்த்தால், அன்றைய நிரலர்களைச் சோம்பேறிகள் என்று ஏசுவது நியாயமாகாது.

எழுதி வைத்துப் பின்னர் படிப்பதற்கு மட்டும் என்றால் இரண்டு இலக்கங்கள் தாராளமாகப் போதும். ‘65’ எந்த நூற்றாண்டைச் சேர்ந்தது என்பதைப் படிப்பவரே ஊகித்துக்கொள்வார். கணினியோ அதை வெறும் எண்ணாகக் கொண்டு கழிக்கிறது, ஒப்பிடுகிறது, வரிசைப்படுத்துகிறது. 99-க்கு அடுத்து 00 வரும்போது இம்மூன்றுமே தவறாகிப்போகின்றன.

1965-இல் பிறந்த ஒருவரின் வயதைக் கணக்கிடுவோம். 1999-இல் 99-லிருந்து 65 போக 34, சரியான விடை. 2000-இல் 00-லிருந்து 65 போக −65. வங்கிகளிலும் காப்பீட்டு நிறுவனங்களிலும் பரவலாகப் பயன்பட்ட கோபோல் நிரல் மொழியில், நேர், எதிர் என்ற குறிக்கு இடம் ஒதுக்காத ஈரிலக்கப் புலத்தில் (வயதுக்குக் குறி எதற்கு என்றுதான் எவரும் நினைப்பார்கள்) அந்த விடையைப் போட்டால், கழித்தல் குறி உதிர்ந்து 65 மட்டும் எஞ்சும். 35 வயதுக்காரர் ஒரே இரவில் முதியவராகிவிடுவார். 1999-இல் பிறந்த குழந்தைக்கு வயது 99. 1950-இல் பிறந்தவருக்கு மட்டும் தற்செயலாக 50 என்ற சரியான விடையே வரும் என்பதால், அவருடைய பதிவை வைத்துச் சோதித்துப் பார்த்த நிரலர் நிம்மதியாக வீட்டுக்குப் போயிருப்பார். −65 என்று திரையில் தெரிந்தால் யாராவது கேள்வி கேட்பார்கள். 65 யார் கண்ணையும் உறுத்தாது.

ஒப்பிடும் இடங்களில் பிழை 2000 வரை காத்திருக்கவும் இல்லை. 00 என்பது 97-ஐவிடச் சிறியது என்பதால், 2000-இல் காலாவதியாக வேண்டிய கடன் அட்டைகளைச் சில கருவிகள் 1990-களின் பிற்பகுதியிலேயே காலாவதியானவை என்று மறுத்தன. நாள்காட்டியும் தப்பவில்லை: 400-ஆல் வகுபடும் 2000 நெட்டாண்டு (லீப் ஆண்டு), 1900 அப்படியன்று, ஆகவே 00-ஐ 1900 என்று கொள்ளும் நிரலுக்குப் பிப்ரவரி 29 என்ற நாளே கிடையாது.

கணினியியலாளர் பாப் பெமர் 1971-லேயே இதைக் குறித்து எச்சரித்து எழுதியிருந்தார். ஆனால் இத்தகைய பதிவுகளில் ஒவ்வொரு தகவலும் அது நிற்கும் இடத்தைக் கொண்டே அறியப்படுகிறது. ஆண்டுக்கு இரண்டு இடங்களைக் கூட்டினால் அதற்குப் பின்னுள்ள அனைத்தும் இரண்டிரண்டு இடம் தள்ளிப்போகும், அக்கோப்பைப் படிக்கும் நிரல்கள் அனைத்தையும் சேர்த்தே திருத்த வேண்டியிருக்கும். ஒய்2கே என்று பெயர்பெற்ற இந்த 2000-ஆம் ஆண்டுச் சிக்கலின் திருத்தப் பணிகளில் பலர் இதைத் தவிர்த்துக் குறுக்கு வழி ஒன்றைக் கையாண்டதற்குக் காரணம் இதுதான்: 00 முதல் 29 வரை 2000-கள், 30 முதல் 99 வரை 1900-கள் என்பதுபோல ஓர் எல்லைக்கோட்டை நிரலுக்குள் வரைந்துவிட்டார்கள். அந்தக் கோட்டை நகர்த்தாவிட்டால் 2030-இல் பதியப்படும் ‘30’ மீண்டும் 1930 ஆகிவிடும்.

கோட்டை எங்கே வரைந்தாலும் அதற்குள் 100 ஆண்டுகளே அடங்கும். 1992-இல் அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் 104 வயது மூதாட்டி ஒருவருக்கு மழலையர் பள்ளியில் சேரும்படி அழைப்பு வந்தது. பதிவில் அவருடைய பிறந்த ஆண்டு ‘88’ என்று இருந்தது.