தசையை எலும்பாக்கும் ஓர் எழுத்துப் பிழை

எஃப்.ஓ.பி. என்று சுருக்கமாக அழைக்கப்படும் ஃபைப்ரோடிஸ்பிளேசியா ஆசிஃபிகன்ஸ் புரோகிரசிவா, ஏறத்தாழ பத்து லட்சம் பேரில் ஒருவருக்கே வரும் மரபணு நோய். இந்நோயாளிகளின் தசைகளும் தசைநாண்களும் கழுத்து, முதுகு, தோள் எனத் தொடங்கிப் படிப்படியாக எலும்பாகின்றன. இப்படி உருவாகும் எலும்பு, உள்ளே மஜ்ஜையும் கொண்ட முழுமையான எலும்பு என்பதுதான் வியப்பு. அது முளைக்கும் இடமும் காலமும் மட்டுமே தவறானவை.

கருவில் கைகால் எலும்புகள் முதலில் குருத்தெலும்பாக உருவாகி, பின்னர் எலும்பாக இறுகுகின்றன. இந்த வேலையைத் தொடங்கிவைக்கும் சைகையை உயிரணுவுக்குள் கடத்தும் ஏற்பிப் புரதங்களுள் ஒன்று ஏசிவிஆர்1. பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் எய்லீன் ஷோர், ஃபிரெடரிக் கப்லான் ஆகியோரின் குழு, இந்த ஏற்பிக்கான மரபணுவில் ஒரே ஒரு டிஎன்ஏ எழுத்து மாறியிருப்பதே நோய்க்குக் காரணம் என்று 2006இல் கண்டறிந்தது. அம்மாற்றத்தால் புரதத்தின் 206ஆம் இடத்தில் ஆர்ஜினின் என்ற அமினோ அமிலத்துக்குப் பதிலாக ஹிஸ்டிடின் என்ற வேறோர் அமினோ அமிலம் அமர்கிறது. பெரும்பாலான நோயாளிகளுக்குப் பெற்றோரிடமிருந்து வராமல், புதிதாகவே இது நேர்கிறது.

அழற்சியின்போது சுரக்கும் ஆக்டிவின் ஏ என்னும் புரதம், இயல்பான ஏற்பியில் எலும்பாக்கும் சைகையைத் தடுக்கிறது. மாறிய ஏற்பியோ, அதே புரதத்தை எலும்பு வளர்ப்பதற்கான ஆணையாகவே எடுத்துக்கொள்கிறது என்பது 2015இல் தெரியவந்தது. கீழே விழுந்த சிறு அடியும், தசையில் போடும் ஊசியும், சில வேளைகளில் காய்ச்சலும்கூட இந்நோயாளிகளிடம் புதிய எலும்புக்கு வித்திடுவது இதனால்தான். அதிகப்படியான எலும்பை அறுவை சிகிச்சையில் வெட்டி எடுத்தால், அந்தக் காயத்திலிருந்தே மீண்டும் எலும்பு வளர்கிறது. நாக்கு, இதயம், உதரவிதானம், கண்ணை அசைக்கும் தசைகள் ஆகியவை தப்பிவிடுகின்றன. ஆனால் மார்புக்கூடு இறுகுவதால் மூச்சுவிடுவது கடினமாகிறது. 1973இல் நாற்பது வயதைத் தொடும் முன்பே இறந்த ஹாரி ஈஸ்ட்லாக் ஆய்வுக்காகக் கொடுத்துச்சென்ற எலும்புக்கூடு, பிலடெல்பியாவின் மூட்டர் அருங்காட்சியகத்தில் உள்ளது. முதுகின் குறுக்கே தகடு தகடாகப் படர்ந்த எலும்பை அதில் காணலாம்.

பாலோவரோட்டீன் என்ற மருந்துக்கு அமெரிக்கா 2023இல் அனுமதி அளித்தது. புதிய எலும்பு உருவாவதை அது குறைக்கிறதே தவிர, உருவானதைக் கரைப்பதில்லை. குழந்தைகளின் எலும்பு வளர்ச்சியை முன்கூட்டியே நிறுத்திவிடும் அபாயமும் உண்டு. எனவே நோயைத் தொடக்கத்திலேயே அடையாளம் காண்பது மிக முக்கியம். குழந்தையின் முதுகில் தோன்றும் வீக்கத்தைப் புற்றுக்கட்டி என ஐயுற்றுத் திசுவை வெட்டி எடுத்துச் சோதித்தால், அச்சோதனையே நோயை முடுக்கிவிடும். அதற்கு முன் கால்களைப் பார்க்க வேண்டும்: இந்நோயுள்ள ஏறக்குறைய எல்லாக் குழந்தைகளும் குட்டையான, மற்ற விரல்களின் பக்கம் சாய்ந்த பெருவிரல்களுடன்தான் பிறக்கின்றன. அப்படி இருந்தால், கத்தியே படாமல் மரபணுப் பரிசோதனையில் நோயை உறுதிசெய்துவிடலாம்.