குறி பார்ப்பது பாதி வேலைதான்: டிங் ஜுன்ஹுயும் வெள்ளைப் பந்தும்

2005 ஏப்ரல் 3, பெய்ஜிங். சீனா ஓப்பன் ஸ்னூக்கர் இறுதி ஆட்டம். ஒரு நாற்காலியில் ஏழு முறை உலகப் பட்டம் வென்ற ஸ்டீஃபன் ஹெண்ட்ரி. இன்னொன்றில் இரண்டு நாளுக்கு முன்புதான் 18 முடிந்த டிங் ஜுன்ஹுய். 9-5 ஃபிரேம் (மேசையை ஒரு முறை ஆடி முடிக்கும் சுற்று) என்று பையன் ஜெயித்துவிட்டான். வைல்டு கார்டில், அதாவது சிறப்பு அழைப்பில், உள்ளே வந்ததால் அந்த வெற்றிக்கு ஒரு தரவரிசைப் புள்ளிகூட அவருக்குக் கிடைக்கவில்லை என்பது தனி வேடிக்கை.

அன்றிலிருந்து அவரைப் பற்றிப் பேசுகிறவர்கள் "என்ன குறி பார்த்தீங்களா!" என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. குறி தப்பாதவர்கள் ஸ்னூக்கரில் நிறையப் பேர் உண்டு. டிங்கின் பழைய ஆட்டங்களைப் போட்டுப் பாருங்கள், குறி பார்க்கவே கஷ்டமான அடி அவருக்கு அபூர்வமாகத்தான் வரும். அப்படி வராமல் பார்த்துக்கொண்டதுதான் அவருடைய வித்தை, அது எப்படி முடிகிறது என்பதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

முதலில் ஒரு சின்னக் கணக்கு. ஸ்னூக்கரில் கம்பால் குத்துவது வெள்ளைப் பந்தை மட்டும்தான், அது போய் மோதித்தான் சிவப்பும் மற்ற வண்ணப் பந்துகளும் மேசை ஓரத்துக் குழியில் விழ வேண்டும். ஸ்னூக்கர் பந்தின் விட்டம் 52.5 மில்லிமீட்டர். மேசையின் ஆடுபரப்பு நீளத்தில் சுமார் மூன்றரை மீட்டர், அகலத்தில் 1.78 மீட்டர். (1875 வாக்கில் ஜபல்பூர் ராணுவ முகாமில் தொடங்கிய இந்த ஆட்டத்துக்கு விதிமுறை எழுதி மாட்டியது நம்ம ஊட்டி கிளப்பில்தான். சரி, விஷயத்துக்கு வருவோம்.) வெள்ளைப் பந்து சிவப்பில் போய் மோதும் இடம் பக்கவாட்டில் ஒரே ஒரு மில்லிமீட்டர் தவறினால் என்ன ஆகும்? அந்த ஒரு மில்லிமீட்டரை 52.5-ஆல் வகுத்தால் சிவப்பு விலகும் கோணம் கிடைக்கும், ஒரு டிகிரிக்குச் சற்று மேலே. குழி ஒரு மீட்டர் தள்ளி இருந்தால் சிவப்பு 19 மில்லிமீட்டர் விலகிப் போய்ச் சேரும், அதாவது குழியின் வாயில் இடிபடும், விழுந்தாலும் விழும். இரண்டு மீட்டர் என்றால் 38, கண்டிப்பாக விழாது. அதே குழி அரை மீட்டரில் இருந்தால் அந்தத் தவறு வெறும் ஒன்பதரை மில்லிமீட்டராகச் சுருங்கிவிடும், யாருக்கும் தெரியக்கூடத் தெரியாது. இத்தனைக்கும் வெள்ளை ஒன்றரை மீட்டர் ஓடி வந்து மோதுகிறது என்றால், அந்த ஒரு மில்லிமீட்டர் தவறு கம்பின் திசையில் 0.04 டிகிரி மட்டும்தான். மனிதக் கை இதற்கு மேல் எவ்வளவு திருந்திவிடும்? அதனால் புத்திசாலி ஆட்டக்காரர் கையைத் திருத்துவதோடு தூரத்தையும் குறைக்கப் பார்ப்பார். ஒரு பந்தைப் போடும்போதே அடுத்த பந்துக்குப் பக்கத்தில் வெள்ளையைக் கொண்டுபோய் நிறுத்திவிட வேண்டும்.

இங்கேதான் இயற்பியல் வருகிறது.

கோலி ஆடியவர்களுக்குத் தெரியும், சரியாக நெற்றியில் அடித்தால் அடித்த கோலி அங்கேயே நிற்கும், அடிபட்டது பறக்கும். ஒரே எடையுள்ள இரண்டு உருண்டைகள் நேருக்கு நேர் மோதினால் வேகம் முழுக்கக் கைமாறிவிடுகிறது. கேரமில் இது நடக்காது, ஸ்ட்ரைக்கர் காயைவிடக் கனம். ஸ்னூக்கரில் ஒரு செட் பந்துகளுக்குள் மூன்று கிராமுக்கு மேல் வித்தியாசம் இருக்கக் கூடாது என்றே விதி இருப்பதால் கோலிக் கணக்குதான். மோதல் சாய்வாக இருந்தால், இரண்டு பந்துகளின் மையங்களை இணைக்கும் கோட்டின் திசையிலுள்ள வேகத்தை எல்லாம் சிவப்பு வாங்கிக்கொள்ளும், அதற்குக் குறுக்கே உள்ள வேகம் மட்டும் வெள்ளையிடம் மிஞ்சும். அதனால் இரண்டும் 90 டிகிரியில் பிரியும். ஸ்டன் என்று சொல்வது இதைத்தான். ஆனால் மோதும் கணத்தில் வெள்ளை முன்னாலும் சுழலாமல் பின்னாலும் சுழலாமல் சறுக்கிக்கொண்டு வந்தால்தான் இந்தக் கணக்கு செல்லும்.

பந்துக்குச் சறுக்கு, உருளல் என்று இரண்டு நடை இருப்பதுதான் ஸ்னூக்கரின் ருசியே. கேரம் காய் சறுக்க மட்டும்தான் தெரிந்தது. ஸ்னூக்கர் பந்தைச் சரியாக மையத்தில் குத்தினால் அது முதலில் சறுக்கும், துணியின் உராய்வு அதைப் பிடித்துப் பிடித்துச் சுழல வைக்கும், ஆரம்ப வேகத்தில் ஏழில் ஐந்து பங்கு மீதமிருக்கும்போது முழு உருளலுக்கு வந்துவிடும். மையத்துக்கு 10 மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் மேலே குத்தினால் முதல் கணத்திலிருந்தே உருளும். கீழே குத்தினால் முன்னால் ஓடிக்கொண்டே பின்னால் சுழலும். இப்படிச் சுழன்றபடி சிவப்பை நேராக மோதும்போது முன்னோக்கிய வேகம் சிவப்புக்குப் போய்விடுகிறது, சுழற்சி மட்டும் வெள்ளையிடமே தங்கிவிடுகிறது, ஏனென்றால் வழவழப்பான இரண்டு பந்துகளுக்கு இடையில் சுழற்சி கைமாறுவது மிகக் குறைவு. நின்ற இடத்தில் பின்னால் சுழலும் பந்தைத் துணி பின்னால் இழுத்துக்கொண்டு வரும். அதுதான் ஸ்கிரூ. உருண்டு வந்து மோதினால் இதற்கு நேர் எதிர், ஒரு கணம் நின்றுவிட்டுப் பழைய வேகத்தில் ஏழில் இரண்டு பங்கோடு சிவப்பின் பின்னாலேயே போகும்.

தொல்லை என்னவென்றால், துணி வழியெல்லாம் சுழற்சியைத் தின்றுகொண்டே இருக்கும். இரண்டு மீட்டர் தள்ளியிருக்கும் பந்தை மோதி வெள்ளையைத் திரும்ப இழுக்க வேண்டுமென்றால் வேகமாகவும் தாழ்வாகவும் குத்த வேண்டும். ரொம்பத் தாழ்ந்தால், மையத்திலிருந்து சுமார் 13 மில்லிமீட்டரைத் தாண்டினால், கம்பின் நுனி வழுக்கிவிடும். ஆட்டக்காரர்கள் கம்பு நுனியில் சாக் (chalk) பொடியைத் தேய்ப்பது உராய்வைக் கூட்டத்தான், சும்மா ஸ்டைலுக்கு இல்லை. பக்கவாட்டில் குத்தினால் வெள்ளை எதிர்ப்பக்கம் கொஞ்சம் விலகிக் கிளம்பும், கம்பளித் துணியின் மயிர்வாக்கில் வளையவும் செய்யும். ஆக, வெள்ளை கிட்டே இருந்தால் குறியும் சுலபம், சுழற்சியும் கைக்குள். தூரம் போய்விட்டால் இரண்டும் சேர்ந்து கெடும்.

டிங் பிறந்தது 1987-இல், ஜியாங்சு மாகாணத்து யீஷிங்கில். எட்டு ஒன்பது வயதில் கம்பைப் பிடித்தார். அப்பா டிங் வென்ஜுன் வீட்டை விற்றுவிட்டு, பையன் பயிற்சிக்காகவே தெற்கே குவாங்டோங் மாகாணத்தின் டோங்குவானுக்குக் குடிபெயர்ந்தார். நம் வீட்டில் யாராவது இதைச் செய்தால் சொந்தபந்தம் என்ன பேசும் என்று யோசித்துப் பாருங்கள். நாள் முழுக்க மேசைதான். மேலே சொன்ன ஏழில் ஐந்து, ஏழில் இரண்டெல்லாம் அந்தப் பையன் காகிதத்தில் போட்டுப் பார்த்திருக்க மாட்டார். ஆனால் ஒரே அடியை ஆயிரம் தடவை அடித்து, வெள்ளை எங்கே நிற்கிறது என்று ஆயிரம் தடவை பார்த்தால், கணக்கு மணிக்கட்டில் வந்து உட்கார்ந்துவிடுகிறது. 2002-இல், 15 வயதில், 21 வயதுக்கு உட்பட்டோர் உலகப் பட்டம். 2003-இல் தொழில்முறை ஆட்டக்காரராகி இங்கிலாந்துக்குப் போனார். பெய்ஜிங் வெற்றி நடந்த அதே 2005-இன் டிசம்பரில், யார்க் நகரில் ஸ்டீவ் டேவிஸை 10-6 என்று வென்று யுகே சாம்பியன்ஷிப். பிரிட்டன், அயர்லாந்துக்கு வெளியே இருந்து வந்து அதை வென்ற முதல் ஆள் அவர்தான்.

அப்புறம் 2007 ஜனவரி, லண்டன் வெம்ப்ளியில் மாஸ்டர்ஸ் போட்டி. ஆன்டனி ஹாமில்டனுக்கு எதிராக 147, வழக்கமாக ஒரே மூச்சில் எடுக்கக்கூடிய அதிகபட்சப் புள்ளி. பதினைந்து சிவப்பு, ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு கறுப்பு, கடைசியில் ஆறு வண்ணங்கள், மொத்தம் 36 அடி. தொலைக்காட்சி ஆட்டத்தில் இதைச் செய்தவர்களில் அன்றைக்கு மிக இளையவர், வயது 19. ஒவ்வொரு அடியும் நூற்றுக்குத் தொண்ணூறு விழும் என்று வைத்துக்கொண்டால் 36-ம் தொடர்ந்து விழ நூற்றுக்கு இரண்டு வாய்ப்புதான். 97 என்று உயர்த்தினால் 33 ஆகிவிடும். 90-க்கும் 97-க்கும் நடுவே உள்ள அந்த இடைவெளியைக் குறியை மட்டும் வைத்துத் தாண்டுவது பெரும்பாடு, வெள்ளையைப் பக்கத்தில் நிறுத்தினால் தாண்டலாம். அதிலும் அடுத்த பந்துக்கு வெள்ளை நேர்கோட்டில் நின்றுவிடக் கூடாது, நேராக நின்றால் முன்னும் பின்னும் மட்டும்தான் போக முடியும், பக்கவாட்டில் எங்கும் போக வழியில்லை. கொஞ்சம் சாய்வு வேண்டும். பந்தின் பாதியளவு மறையும்படி மோதும் சாய்வு என்றால் உருளும் வெள்ளை சுமார் 30 டிகிரியில் விலகும், மோதல் கொஞ்சம் முன்னே பின்னே ஆனாலும் அந்தக் கோணம் அதிகம் மாறாது. போகும் வழி முன்கூட்டியே தெரிந்த மாதிரிதான்.

அதே மாஸ்டர்ஸின் இறுதி ஆட்டத்தில் ரோனி ஓ'சல்லிவன் 10-3 என்று அவரை நொறுக்கினார். நாற்காலியில் உட்கார்ந்திருப்பவருக்கு இந்த வித்தையெல்லாம் உதவாதே, வெள்ளை எதிராளியிடம் அல்லவா இருக்கிறது. 9-3 ஆனதும் ஆட்டம் முடிந்துவிட்டது என்று நினைத்து டிங் கை கொடுக்கப் போனார், இன்னும் ஒரு ஃபிரேம் பாக்கி இருந்தது. ஓ'சல்லிவன் தோளில் கை போட்டு அணைத்துக்கொண்டார். அதற்குப் பிறகு அடுத்த பெரிய பட்டத்துக்கு 2009 டிசம்பர் வரை ஆனது: டெல்ஃபோர்டில் யுகே சாம்பியன்ஷிப், ஜான் ஹிக்கின்ஸுக்கு எதிராக, 10-8.