விசா: 'பார்க்கப்பட்டது' என்று ஒரு சொல்

"விசாதான் இன்னும் ரெண்டு வருஷம் இருக்கேப்பா, அப்புறம் எதுக்கு ஊருக்குக் கிளம்பறே?"

2023 பிப்ரவரியில் மன்னார்குடியிலிருந்து என் அத்தை தன் மகனிடம் போனில் கேட்டது இது. மகன் அமெரிக்காவில், சியாட்டிலில் இருந்தான். அதற்கு முந்தின மாதம் அவன் கம்பெனியில் ஆட்குறைப்பு. காலையில் லேப்டாப்பைத் திறந்தால் உள்ளேயே போக முடியவில்லை. விடை கொடுக்கும் மின்னஞ்சல் மட்டும் சொந்த முகவரிக்கு வந்திருந்தது. எச்-1பியில், அதாவது கம்பெனி மனு போட்டு எடுக்கும் தற்காலிக வேலை விசாவில், இருப்பவர் வேலை போன பிறகு அதிகபட்சம் 60 நாள்தான் அங்கே இருக்கலாம். அதற்குள் வேறொரு கம்பெனி அவர் பெயரில் மனு போட வேண்டும், அல்லது அவர் வேறு ஏதாவது வகைக்கு மாற வேண்டும். இல்லையென்றால் கிளம்ப வேண்டியதுதான். அத்தையோ மகனின் பாஸ்போர்ட் நகலைக் கையில் வைத்துக்கொண்டு பேசினார். விசா முடியும் தேதி அதில் தெளிவாக அச்சாகி இருந்தது, 2025 என்று.

அத்தை கேட்டது நியாயமான கேள்வி. அவரைத் தடுமாற வைத்தது அந்த ஒரு சொல்தான்.

விசா லத்தீனிலிருந்து வந்த சொல். 'பார்' என்ற பொருள் கொண்ட வினையிலிருந்து பிறந்த எச்சம். 'கார்ட்டா விசா' என்றால் 'பார்க்கப்பட்ட தாள்'. ஓர் அதிகாரி ஆவணத்தைப் பார்த்தார், சரி என்று குறி வைத்தார், அவ்வளவுதான் அதன் பொருள். பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போய், 19-ஆம் நூற்றாண்டில் 'விசே' என்றும் எழுதப்பட்டு, பிறகு 'விசா' என்று நிலைத்தது. முதல் உலகப் போர்க் காலத்தில்தான் ஐரோப்பா முழுவதும் இது கட்டாயமான ஒன்றாகப் பரவியது. வீடியோ என்ற சொல்லும் இதே வேரிலிருந்து வந்தது. இன்னும் பின்னால் போனால், சமஸ்கிருதத்தில் 'அறி' என்று பொருள்படும் 'வித்' என்ற வேரும் இதுவும் ஒரே மூலத்தில் போய்ச் சேர்கின்றன. அந்த வகையில் நாம் புழங்கும் வித்தை, வேதம் எல்லாம் விசாவுக்குத் தூரத்து உறவு. விசாரணைக்கும் விசாவுக்கும் சம்பந்தம் இருக்கும் என்று சிலர் நினைக்கிறார்கள். ஒலி ஒற்றுமையைத் தவிர வேறு ஒன்றும் இல்லை.

ஐ.டி.யில் இருப்பவர்கள் 'ஸ்டாம்பிங் ஆயிடுச்சா?' என்று கேட்பார்கள். லத்தீன் பொருளுக்கு மிக நெருங்கிய பேச்சு அதுதான். பார்த்தாயிற்று, முத்திரை விழுந்தாயிற்று. அமெரிக்கச் சட்டத்திலும் விசா அந்த அளவில்தான் நிற்கிறது. வாசல் வரை வந்து 'உள்ளே விடுங்கள்' என்று கேட்பதற்கான இசைவு அது. விமான நிலையத்தில் உட்கார்ந்திருக்கும் அதிகாரி மறுத்தால் விசா இருந்தும் திரும்ப வேண்டியதுதான். அவர் உள்ளே விட்டால், எத்தனை நாள், எந்த நிலையில் தங்கலாம் என்பதை ஐ-94 என்ற தனிப் பதிவு சொல்கிறது. வேலை பார்க்கும் உரிமை அதற்கும் அப்பால், கம்பெனி போட்ட மனுவில் இருக்கிறது. ஆக நுழைவு, தங்கல், வேலை என்று மூன்று தனித்தனி விஷயங்கள். நாம் மூன்றையும் சேர்த்து 'விசா' என்று ஒரே மூட்டையாகக் கட்டிவிட்டோம்.

அத்தை கையில் இருந்த நகலில் இன்னொன்றும் இருந்தது. அந்த ஒட்டுத்தாளில் பெயர், பிறந்த தேதி எல்லாவற்றுக்கும் கீழே சிறிய எழுத்தில் ஒரு வரி: மனு போட்ட கம்பெனியின் பெயர். பையன் படம் பெரிதாகத் தெரிந்ததால் அந்த வரி யார் கண்ணிலும் படவில்லை.

தமிழில் இதற்கு 'நுழைவிசைவு' என்ற சொல் இருக்கிறது. நுழைவு, இசைவு இரண்டும் சேர்ந்தது. இசைதல் என்றால் உடன்படுதல். 'பெண் வீட்டார் இசைந்தார்கள்' என்று சொல்வதில்லையா, அந்த இசைவு. நல்ல சொல்லாக்கம், லத்தீன் மூலத்தைவிடத் துல்லியமானது என்றே சொல்வேன். பார்த்தேன் என்பதற்கும் சம்மதித்தேன் என்பதற்கும் வேறுபாடு உண்டே. பாஸ்போர்ட்டுக்கு வழங்கும் 'கடவுச்சீட்டு'ம் இதே தரத்துச் சொல், கடவு என்றால் வழி. இலங்கையில் கடவுச்சீட்டு அன்றாடப் புழக்கத்தில் இருக்கிறது, விசாவை மட்டும் 'வீசா' என்று நெடிலில் எழுதுகிறார்கள். தமிழ்நாட்டுப் பத்திரிகைகளில் பெரும்பாலும் விசாதான்.

ஆனால் நுழைவிசைவு வாசலுக்கு மட்டுமே பொருந்தும். 'எச்-1பி நுழைவிசைவு' என்று எழுதினால் பழைய குழப்பம் தமிழ் உடை போட்டுக்கொண்டு வருகிறது, அவ்வளவுதான். இந்த விஷயத்தில் ஐ.டி.க்காரர்களைவிட வளைகுடாவுக்குப் போய் வந்த கொத்தனாரும் ஓட்டுநரும் தெளிவாக இருக்கிறார்கள். சவுதியில் இருந்தவரிடம் கேட்டுப் பாருங்கள்: விசா வேறு, இக்காமா வேறு, கபீல் யார் என்று ஒரே மூச்சில் சொல்வார். உள்ளே போக ஒன்று, இருக்க ஒன்று, பொறுப்பேற்கும் ஆள் ஒருவர். சிங்கப்பூர்த் தமிழிலும் 'வேலை அனுமதி' என்று தனியாகச் சொல்கிறார்கள்.

எச்-1பி என்ற பெயர் எங்கிருந்து வந்தது? அமெரிக்காவின் 1952-ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டத்தில் தற்காலிகமாக வருபவர்களை எழுத்து வரிசையில் பிரித்தார்கள். எச் என்ற எழுத்தின் கீழ் தற்காலிக வேலையாட்கள் வந்தார்கள். அதன் முதல் வகைக்கு அன்று வைத்த தகுதி 'தலைசிறந்த தகுதியும் திறமையும்' என்ற பொருளில் இருந்தது. 1990-ல் வந்த சட்டம் அந்த அளவுகோலை மாற்றியது. 'சிறப்புத்துறை வேலை', அதாவது அந்தத் துறையில் குறைந்தது இளங்கலைப் பட்டமோ அதற்கு இணையானதோ தேவைப்படும் வேலை என்றால் போதும். ஆண்டுக்கு 65,000 என்ற வரம்பும் அப்போது வந்ததுதான். இடையில் 2001 முதல் 2003 வரை 1,95,000 ஆக ஏறி, டாட்காம் சரிவுக்குப் பிறகு 2004-ல் மறுபடி 65,000-க்கு இறங்கியது. அங்கேயே முதுகலை முடித்தவர்களுக்கென்று பிறகு 20,000 சேர்த்தார்கள். மனுக்கள் மிஞ்சும்போது குலுக்கல். 'லாட்டரி விழுந்திருச்சு' என்று இங்கே சொல்வது உவமை இல்லை, உள்ளதே அதுதான்.

எச்-1பி மீது அமெரிக்கர்கள் பலருக்கு இருக்கும் கோபத்தைப் புரிந்துகொள்ள இந்தச் சொல் மாற்றம் முக்கியம். அங்கேயும் பட்டம் படித்து, இருபது வருடம் வேலை பார்த்து, வீட்டில் உட்கார்ந்திருக்கும் பொறியாளர்கள் இருக்கிறார்கள். தலைசிறந்தவர் வந்தார் என்றால் அவர்கள் ஏற்றுக்கொள்வார்கள். தன்னைப் போலவே பட்டம் படித்தவர் தன் நாற்காலிக்கு வருகிறார் என்றால் வயிறு எரியத்தானே செய்யும்.

உள்ளூரில் ஆள் கிடைக்கவில்லை என்று நிரூபித்த பிறகுதான் கம்பெனி வெளிநாட்டாரை எடுக்க முடியும் என்று நம்மில் பலர் நம்புகிறோம். நிரந்தரமாகத் தங்க வழிவிடும் கிரீன் கார்டுக்குப் பொதுவாக அந்தச் சோதனை உண்டு. எச்-1பிக்குப் பொதுவாகக் கிடையாது. எச்-1பி ஆட்கள் மிகுதியாக இருக்கும் கம்பெனிகளுக்குத்தான் (50 பேருக்கு மேல் உள்ள கம்பெனியில் 15 விழுக்காடோ அதற்கு மேலோ) பெரும்பாலும், உள்ளூர் ஆளைத் தேடினோம், யாரையும் விலக்கிவிட்டு எடுக்கவில்லை என்று உறுதி தரும் கடமை இருக்கிறது. அதிலும் ஒரு ஓட்டை: அந்த ஆளுக்கு ஆண்டுக்கு 60,000 டாலர் சம்பளம் கொடுத்தாலோ, அவர் முதுகலைப் பட்டதாரியாக இருந்தாலோ அந்தக் கடமையும் இல்லை. 60,000 என்ற தொகை 1998-ல் எழுதியது. இருபத்தைந்து ஆண்டு விலைவாசி ஏறியும் அந்த எண் நகரவில்லை.

சம்பள விதியிலும் இப்படித்தான். அந்த ஊரில் அந்த வேலைக்கு 'நிலவும் சம்பள'த்துக்குக் குறையாமல் எச்-1பி ஆளுக்குக் கொடுக்க வேண்டும்; அந்தச் சம்பளத்தை நான்கு படிகளாகப் பிரித்திருக்கிறார்கள். ஒரு ஊரில் ஒரே வேலை பார்க்கும் நூறு பேரைச் சம்பள வரிசையில் நிற்க வைத்தால், கீழிருந்து 17-ஆவது ஆள் வாங்குவது முதல் படி, 34-ஆவது ஆள் வாங்குவது இரண்டாம் படி. இரண்டுமே நடுவில் நிற்பவர் சம்பளத்தைவிடக் குறைவு. சட்டத்தை மீறாமலேயே மலிவாக ஆள் எடுக்கலாம் என்று இதற்குப் பொருள்.

2015 ஜூனில் நியூயார்க் டைம்ஸ் வெளியிட்ட செய்தி பலருக்கு நினைவிருக்கும். ஆர்லாண்டோவில் டிஸ்னியின் தொழில்நுட்பப் பிரிவில் சுமார் 250 பேருக்கு வேலை போனது. போகும் முன் தங்கள் இடத்துக்கு வந்தவர்களுக்கு அவர்களில் பலரே வேலையைக் கற்றுக்கொடுத்தார்கள். வந்தவர்களில் பலர் இந்தியாவிலிருந்து போனவர்கள். சென்னையில் இதை 'கே.டி. (நாலெட்ஜ் டிரான்ஸ்பர்) கொடுக்கிறது' என்று தினமும் சொல்கிறோம், சாதாரண அலுவல் வார்த்தையாக. எதிரில் உட்கார்ந்து கே.டி. கொடுப்பவர் வீட்டுக் கடனை நினைத்துக்கொண்டிருப்பார் என்பது அந்த இரண்டு எழுத்தில் தெரியாது. சிலர் போட்ட வழக்கு 2016-ல் தள்ளுபடியானது.

என் அத்தை மகனும் அந்த அமெரிக்கரும் ஒரே கணக்கின் இரண்டு பக்கம் என்றுதான் எனக்குப் படுகிறது. இருவர் வேலையையும் எடுத்த கை கம்பெனியுடையது. மனு போடுவது கம்பெனி, எந்தச் சம்பளப் படி என்று எழுதுவது கம்பெனி, வேலையை விட்டு நிறுத்துவதும் கம்பெனி. ஆனால் 'விசாக்காரன்' என்ற பெயர் மட்டும் ஆளின் முதுகில் ஒட்டிக்கொள்கிறது. அவன் சொந்த முயற்சியில் வாங்கிய ஏதோ சொத்து மாதிரி. வேறு கம்பெனிக்கு மாறலாம், 2000-ல் வந்த திருத்தம் அதை எளிதாக்கியது. இருந்தாலும் ஒவ்வொரு நாட்டில் பிறந்தவர்களுக்கும் 7 விழுக்காடு என்ற கிரீன் கார்டு வரம்பால் இந்தியர்களின் வரிசை பல ஆண்டுகளுக்கு நீள்கிறது. வரிசையில் நிற்பவர் சம்பளம் குறைவு என்று வாய் திறக்க யோசிப்பார். அவர் வாய் திறக்காதது பக்கத்து நாற்காலி அமெரிக்கரின் சம்பளத்தையும் கீழே இழுக்கிறது.

2025 செப்டம்பரில் அதிபர் டிரம்ப் வெளிநாட்டிலிருந்து வருபவர்களுக்கான புது மனுவுக்கு 1,00,000 டாலர் கட்டணம் அறிவித்தபோது, பல தலைப்புகளில் 'விசா கட்டணம்' என்றே பார்த்தேன். எங்கள் தெருவில் ஒருவர் பதறிப்போய் வந்து, பையன் அவ்வளவு பணத்துக்கு எங்கே போவான் என்று கேட்டார். அது மனு போடும் கம்பெனி கட்ட வேண்டியது. 'பணியிசைவு மனுக் கட்டணம்' என்று தலைப்பு வந்திருந்தால் அவர் அன்று இரவு தூங்கியிருப்பார்.

அதனால் என் பரிந்துரை இது. பாஸ்போர்ட்டில் ஒட்டுவதற்கு நுழைவிசைவு, அல்லது விசா என்றே இருக்கட்டும், பழகிய சொல்தான். உள்ளே இருக்கும் தகுதிக்குத் தங்குநிலை. வேலை பார்க்கும் உரிமைக்குப் பணியிசைவு. எச்-1பியைப் பற்றி எழுதும்போது 'கம்பெனி வழிப் பணியிசைவு' என்று முதல் தடவையாவது விரித்து எழுதலாம்.

அத்தை மகன் 57-ஆவது நாள் விமானம் ஏறினான். மன்னார்குடிக்கு வந்து பெட்டியைப் பிரித்தபோது அவன் விசா செல்லுபடியாகிக்கொண்டுதான் இருந்தது. தங்குநிலையும் பணியிசைவும் இல்லை.