ஐடிலில் வண்டி உதறுதா? பிளக் வாங்குவதற்கு முன் இதைப் பாருங்கள்

சிக்னலில் ஐடிலில், அதாவது ஆக்ஸிலரேட்டரை மிதிக்காமல் இன்ஜின் மட்டும் ஓட நிற்கும்போது ஸ்டீயரிங் உதறுகிறது என்று வண்டி வந்தால் பல இடங்களில் முதலில் நான்கு பிளக்கும் மாறும். சரியாகவில்லையா, பிளக்குக்கு மின்சாரம் தரும் காயில். அப்புறம் பெட்ரோலைத் தெளிக்கும் இன்ஜெக்டர். கடைசியில் பில் ஏறியிருக்கும், உதறல் அப்படியே இருக்கும். பெட்ரோல் வண்டியில் எதையும் வாங்காமலே பாதி விடை கிடைத்துவிடும்.

தடுமாறுவது இன்ஜின்தானா என்பது முதலில் தெரிய வேண்டும். இன்ஜின் சூடானதும் ஏசியை அணைத்துவிட்டு ஸ்கேனரில் (வண்டியின் கம்ப்யூட்டரைப் படிக்கும் கருவி) ஆர்பிஎம் (இன்ஜின் நிமிடத்துக்குச் சுற்றும் எண்ணிக்கை) பாருங்கள். பெரும்பாலான வண்டிகளில் 700 முதல் 850க்குள் இருக்கும். ஆர்பிஎம் ஆடாமல் நிற்க, வண்டி மட்டும் அதிர்ந்தால் இன்ஜினைத் தாங்கும் மவுண்டைச் சந்தேகப்படுங்கள். மூன்று சிலிண்டர் இன்ஜினுக்குக் கொஞ்சம் அதிர்வு இயல்பு. அதைத் துரத்திப் பணம் செலவழிக்காதீர்கள்.

ஆர்பிஎம்மும் ஆடினால், கோளாறு ஒரு சிலிண்டரிலா, எல்லாவற்றிலுமா? ஸ்கேனரில் பி0302 என்ற எரர் கோட் வந்தால் இரண்டாவது சிலிண்டரில் மிஸ்ஃபயர், அதாவது பெட்ரோல் சரியாக எரியவில்லை. ஒவ்வொரு பிளக்குக்கும் தனிக் காயில் இருக்கும் வண்டியென்றால், இன்ஜினை நிறுத்தி இரண்டாவது காயிலை மூன்றாவதோடு இடம் மாற்றுங்கள். எரர் கோட்களை அழித்துவிட்டு ஓட்டிப் பாருங்கள். கோளாறு காயிலோடு மூன்றாவது சிலிண்டருக்கு நகர்ந்து பி0303 வந்தால் காயில்தான். வராவிட்டால் பிளக்கையும் இதேபோல் மாற்றிப் பாருங்கள். அதுவும் நகராவிட்டால் மிச்சம் இன்ஜெக்டரும் கம்ப்ரஷனும் (சிலிண்டருக்குள் ஏறும் அழுத்தம்). செக் இன்ஜின் லைட் மின்னினால் மட்டும் ஓட்டிப் பார்க்கிற வேலையே வேண்டாம்; எரியாத பெட்ரோல், புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிடிக் கன்வெர்ட்டரைக் கெடுத்துவிடும்.

எல்லா சிலிண்டரும் தடுமாறினால் ஸ்கேனரில் லைவ் டேட்டாவுக்கு (இன்ஜின் ஓடும்போதே காட்டும் அளவுகள்) போங்கள். எரர் கோட் இல்லை என்றதும் ஸ்கேனரைக் கழற்றிவிடுவதுதான் பலரும் செய்யும் தவறு. ஃப்யூவல் ட்ரிம் என்பது வண்டியின் கம்ப்யூட்டர் பெட்ரோலை எத்தனை சதவீதம் கூட்டுகிறது, குறைக்கிறது என்ற கணக்கு; அதில் ஷார்ட் டேர்ம், லாங் டேர்ம் இரண்டையும் கூட்டுங்கள். பத்து சதவீதத்துக்குள் இருந்தால் கவலையில்லை. ஐடிலில் +20, 2500 ஆர்பிஎம்மில் +5 என்றால் வேக்யூம் லீக், அதாவது ஏதோ ஓட்டை வழியாகக் கணக்கில் வராத காற்று உள்ளே போகிறது. ஐடிலில் இன்ஜின் இழுக்கும் காற்றே குறைவு. அதில் ஓட்டை வழியாக வருவது பெரிய பங்கு. வேகம் கூடினால் அந்தப் பங்கு சுருங்கிவிடும். மாறாக வேகத்தோடு ட்ரிம்மும் ஏறினால் ஃப்யூவல் பிரஷரைப் பாருங்கள்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. உள்ளே வரும் காற்றை அளக்கும் ஏர் ஃப்ளோ சென்சார் இல்லாமல், இன்டேக் மேனிஃபோல்டில் அழுத்தத்தை அளக்கும் மேப் சென்சாரில் மட்டும் ஓடும் சிறிய வண்டிகளில் லீக் காற்றையும் ஈசியூ (இன்ஜின் கம்ப்யூட்டர்) கணக்கில் எடுத்துப் பெட்ரோலைக் கூட்டிவிடும். ட்ரிம் பெரிதாக ஏறாது. ஐடில் ஆர்பிஎம்தான் தூக்கலாக நிற்கும்.

லீக் இருக்கிற இடங்கள் பெரும்பாலும் பிசிவி ஹோஸ் (இன்ஜினுக்குள் சேரும் வாயுவை இன்டேக்குக்குக் கொண்டுபோகும் குழாய்), பிரேக் பூஸ்டர் ஹோஸ், இன்டேக் மேனிஃபோல்ட் (சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்துத் தரும் குழாய்) கேஸ்கெட். சூடான இன்ஜினில் கார்ப் கிளீனர் அடித்துத் தேடினால் தீப்பிடிக்கலாம். ஸ்மோக் டெஸ்ட் (உள்ளே புகை விட்டு அது கசியும் இடத்தைப் பார்ப்பது) செய்யச் சொல்லுங்கள். பெட்ரோல் போட்டு ஸ்டார்ட் செய்ததும் மட்டும் உதறினால் டேங்க்கின் பெட்ரோல் ஆவியை இன்ஜினுக்கு விடும் கேனிஸ்டர் பர்ஜ் வால்வு மூடாமல் இருக்கலாம்.

இன்ஜினுக்குப் போகும் காற்றைக் கட்டுப்படுத்தும் திராட்டில் பாடியில் கரி படிந்திருந்தால் துடைக்கலாம். ஆனால் துடைத்த பிறகு ஐடில் ரீலேர்ன் (கம்ப்யூட்டருக்கு ஐடிலைப் புதிதாகக் கற்றுக்கொடுப்பது) செய்யாவிட்டால் ஆர்பிஎம் ஏறி நிற்கும், அதைப் பார்த்துத் திராட்டில் பாடியையே மாற்றச் சொல்வார்கள்.

சிஎன்ஜி வண்டிக்காரர்களுக்குச் சோதனை இன்னும் எளிது: பெட்ரோலுக்கு மாற்றுங்கள். உதறல் நின்றால் கேஸ் பக்கமும் பிளக் முனையின் இடைவெளியும் (கேப்) தான் முதலில். கேஸ் பற்ற அதிக வோல்டேஜ் வேண்டும் என்பதால், தேய்ந்த பிளக் பெட்ரோலில் சமாளித்துவிட்டு சிஎன்ஜியில் திணறும்.